பருப்பைத் தள்ளிவைக்கும் முன் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

வீட்டில் ஒருவருக்குக் கிட்னி கோளாறு என்று தெரிந்ததும் முதலில் மாறுவது அடுக்களைதான். உப்பு குறையும், இளநீர் நிற்கும், தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்வார்கள். பிறகு ஒருநாள் ரத்தப் பரிசோதனையில் பாஸ்பரஸ் கூடியிருக்கிறது என்று வரும். கையில் ஒரு ஜெராக்ஸ் தாளைக் கொடுத்து அனுப்புவார்கள். 'சாப்பிடக் கூடாது' என்ற பக்கத்தில் துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, சுண்டல், வேர்க்கடலை, பால், முட்டை, மீன், கறி எல்லாம் வரிசையாக நிற்கும். 'சாப்பிடலாம்' பக்கத்தில் சோறு, ரவை, சேமியா. பல தாள்களில் பிரெட்டும் பிஸ்கட்டும்கூட இருக்கும். இந்தத் தாளை எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. நூறு கிராம் துவரம்பருப்பில் சுமார் 300 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருப்பது உண்மை. ஆனால் எதை முதலில் குறைப்பது, எதைக் கடைசியாகத் தொடுவது என்ற வரிசை இதில் தலைகீழாக இருக்கிறது என்பது என் கட்சி. முதலில் போக வேண்டியது தொழிற்சாலையில் சேர்க்கப்படும் பாஸ்பேட். அடுத்து அளவுக்கு வர வேண்டியது பால். பருப்பு கடைசியில்தான் வர வேண்டும். பாஸ்பரஸுக்குப் பயந்து புரதத்தை மொத்தமாக வெட்டுவது பல நோயாளிகளுக்கு நோயைவிட ஆபத்தாக முடியும்.

பாஸ்பரஸ் விஷமல்ல. வளர்ந்த மனிதரின் உடம்பில் ஏறக்குறைய 700 கிராம் இருக்கிறது. அதில் 85 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். மிச்சம் பெரும்பாலும் செல்களுக்குள். ரத்தத்தில் மிதப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பரிசோதனைக் கூடம் அளப்பது அந்தக் கடுகளவைத்தான். டெசிலிட்டருக்கு 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை இருந்தால் இயல்பு. அன்றாடம் உணவிலிருந்து உறிஞ்சப்படுவதில் தேவைக்கு மிஞ்சியது சிறுநீரில் போய்விடும். 1669இல் ஹாம்பர்க் நகரத்து ஹென்னிங் பிராண்ட் என்ற ரசவாதி இந்தத் தனிமத்தைக் கண்டெடுத்ததே சிறுநீரைக் காய்ச்சித்தான். தங்கம் கிடைக்கும் என்று நம்பிக் காய்ச்சினார், இருட்டில் ஒளிரும் பாஸ்பரஸ் கிடைத்தது. அந்த வெளியேற்றும் வேலைதான் கிட்னி பழுதானால் நின்றுபோகிறது.

ஒரே நாளில் நிற்பதில்லை என்பதுதான் சிக்கல். கிட்னியின் வடிகட்டும் திறன் பாதியாகக் குறைந்த பிறகும் ரத்தத்தில் பாஸ்பரஸ் இயல்பாகவே காட்டும். எலும்பிலிருந்து சுரக்கும் எஃப்.ஜி.எஃப். 23 என்ற ஹார்மோனும், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோனும் கூடி, மிச்சமிருக்கும் வடிகட்டிகளை விரட்டி வேலை வாங்குவதால் வரும் இயல்பு அது. திறன் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் பெரும்பாலானவர்களுக்கு ரிப்போர்ட்டில் எண் ஏறத் தொடங்கும். அதற்குள் ஹார்மோன்கள் பல ஆண்டுகள் மிகையாக ஓடியிருக்கும். இதயத்தின் இடது அறைச் சுவர் தடிப்பதில் எஃப்.ஜி.எஃப். 23க்குப் பங்குண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன. பாராதைராய்டு ஹார்மோன் எலும்பைக் கரைக்கிறது. பாஸ்பேட்டே நேரடியாக ரத்தக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிய உதவுகிறது. நோயாளிக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிவது ராத்திரி தூங்கவிடாத அரிப்பும், எலும்பு வலியும்தான்.

இனி வரிசைக்கு வருகிறேன். உணவில் பாஸ்பரஸ் மூன்று வேடத்தில் வருகிறது. பருப்பு, தானியம், கொட்டைகளில் பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற சேர்மத்துக்குள் இருக்கிறது. அது பூட்டிய பெட்டி. சாவி ஃபைட்டேஸ் என்ற நொதி. மனிதக் குடலில் அந்த நொதி கிட்டத்தட்ட இல்லை. அதனால் தாவர உணவிலுள்ள பாஸ்பரஸில் 20 முதல் 40 சதவீதம் வரைதான் ரத்தத்துக்குள் போகும், கூடிப்போனால் பாதி. பால், முட்டை, மீன், கறியில் இருப்பது புரதத்தோடு ஒட்டிய கரிம பாஸ்பரஸ். செரிக்கும்போது சுலபமாகப் பிரிந்து 40 முதல் 60 சதவீதம் உள்ளே போகும். மூன்றாவது, பதப்படுத்திய உணவில் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்புகள். இவை எதனோடும் ஒட்டியில்லை, வயிற்றிலேயே கரைந்துவிடும், 90 சதவீதமும் அதற்கு மேலும் உறிஞ்சப்படலாம். ஜெராக்ஸ் தாள் இந்த மூன்றையும் ஒரே தராசில் போட்டு மொத்த மில்லிகிராமை மட்டும் எண்ணுகிறது. தட்டில் இருப்பதை எண்ணினால் போதாது, ரத்தத்துக்குப் போவதை எண்ண வேண்டும்.

இது வெறும் கணக்கு விளையாட்டு இல்லை என்று காட்டியது 2011இல் அமெரிக்காவின் இண்டியானாவில் ஷேரன் மோ குழுவினர் வெளியிட்ட ஆய்வு. டயாலிசிஸுக்குப் போகாத, கிட்னித் திறன் குறைந்த 9 பேரை ஒரு வாரம் தாவர உணவிலும், ஒரு வாரம் இறைச்சி, பால் சார்ந்த உணவிலும் வைத்தார்கள். சமையல் ஆராய்ச்சிக் கூடத்திலேயே நடந்தது. இரண்டு வாரமும் புரத அளவு ஒன்று, பாஸ்பரஸ் அளவும் ஒன்று. ஆனாலும் தாவர உணவு வாரத்தின் முடிவில் ரத்த பாஸ்பரஸும் குறைவாக இருந்தது, எஃப்.ஜி.எஃப். 23உம் குறைவாக இருந்தது. தாளில் ஒன்றாகத் தெரியும் இரண்டு தட்டுகள் உடம்புக்குள் ஒன்றல்ல.

நம் தட்டில் இதைப் போட்டுப் பார்ப்போம். ஒருவேளை சாம்பாருக்கு ஒருவர் பங்காக 30 கிராம் துவரம்பருப்பு என்று வையுங்கள். அதில் சுமார் 90 மில்லிகிராம் பாஸ்பரஸ். தாராளமாக 40 சதவீதம் உறிஞ்சப்பட்டாலும் ரத்தத்துக்குப் போவது 36 மில்லிகிராம். கிடைக்கும் புரதம் ஏழு கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதே ஆள் தண்ணீர் கலக்காத பசும்பாலில் 150 மில்லி காபி குடித்தால் பாஸ்பரஸ் சுமார் 135 மில்லிகிராம். 60 சதவீதம் என்றால் 81 மில்லிகிராம் உள்ளே போகிறது. புரதம் ஐந்து கிராம்தான். எருமைப் பாலில் பாஸ்பரஸ் இன்னும் கூடுதல், நூறு மில்லியில் 130 வரை போகும். காலையில் காபி, பதினொரு மணிக்கு டீ, மதியம் கட்டித் தயிர், சாயங்காலம் மறுபடி டீ, படுக்கும் முன் 'தெம்புக்கு' ஒரு டம்ளர் பால் என்று ஓடும் வீட்டில், பாஸ்பரஸ் எங்கிருந்து வருகிறது என்று பருப்பு டப்பாவுக்குள் தேடுவதில் அர்த்தமில்லை. முட்டையின் கதை இன்னும் சுவாரசியம். ஒரு முழு முட்டையின் பாஸ்பரஸில் அநேகமாக எல்லாமே மஞ்சள் கருவில்தான். வெள்ளைக் கருவில் இருப்பது ஐந்து மில்லிகிராம் அளவு. புரதமோ மூன்றரை கிராம். கிட்னி நோயாளிக்கு இதைவிட மலிவான, சுத்தமான புரதம் மளிகைக் கடையில் வேறு கிடையாது. இருந்தும் பல தாள்களில் 'முட்டை' என்று மொட்டையாக எழுதி அடித்திருக்கிறார்கள்.

பாக்கெட் விஷயத்துக்கு வருவோம். உணவுத் தொழிலில் பாஸ்பேட் பல வேலை செய்கிறது. சீஸ் ஸ்லைஸ் உருகும்போது எண்ணெய் பிரியாமல் பிடித்து வைக்கும். உறைய வைத்த இறாலிலும் கோழித் துண்டிலும் தண்ணீரைத் தக்கவைத்து எடையைக் காப்பாற்றும். பேக்கிங் பவுடரில் அமிலமாக நின்று கேக்கை எழுப்பும். கோலாவுக்கு அந்தக் குத்தும் புளிப்பைக் கொடுப்பது பாஸ்பாரிக் அமிலம். காபி மேட், டெய்ரி ஒயிட்னர் போன்ற பொடிகள் சூடான டிகாஷனில் திரியாமல் கரைவதற்கும் இதுவே பெரும்பாலும் உதவுகிறது. சத்து சேர்த்தது என்று விற்கும் மால்ட் பானப் பொடிகளில் கால்சியம் பல நேரம் கால்சியம் பாஸ்பேட்டாகவே சேர்க்கப்படுகிறது. கால்சியத்தோடு பாஸ்பேட்டும் கூடவே வந்துவிடும்.

கடையில் நின்று இதைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும், ஆனால் தேட வேண்டிய இடம் வேறு. பாக்கெட்டின் பின்னால் கட்டம் கட்டி அச்சடிக்கும் சத்து அட்டவணையில் சக்தி, புரதம், சர்க்கரை, கொழுப்பு, சோடியம் எல்லாம் இருக்கும். பாஸ்பரஸ் இருக்காது, அதைக் குறிப்பிட வேண்டும் என்ற கட்டாயம் நம் சட்டத்தில் இல்லை. அட்டவணையை விட்டுவிட்டு, அதற்கு மேலோ கீழோ பொடி எழுத்தில் ஓடும் இன்கிரீடியன்ட்ஸ் பத்திக்குப் போங்கள். அங்கே எமல்சிஃபையர், ஸ்டெபிலைசர், ரெய்சிங் ஏஜென்ட், அசிடிட்டி ரெகுலேட்டர் என்ற சொற்களை அடுத்து அடைப்புக்குறிக்குள் எண்கள் இருக்கும். 338, 339, 340, 341 என்ற நான்கும், 450, 451, 452 என்ற மூன்றும் பாஸ்பேட்டுகள். இந்த ஏழை மனப்பாடம் செய்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. எண் போடாமல் பெயராக எழுதியிருந்தால் 'பாஸ்' என்ற ஒலி உள்ள எதுவும் சந்தேகத்துக்குரியது. எண்ணைக் கண்டாலே மிரளவும் வேண்டாம்: 500 என்பது நம் வீட்டுச் சமையல் சோடா வகை, 330 என்பது எலுமிச்சையிலும் உள்ள சிட்ரிக் அமிலம், இவற்றில் பாஸ்பரஸ் கிடையாது. சோடாவில் சோடியம் உண்டு என்பது தனிக் கவலை. ஒரே பொருளை இரண்டு கம்பெனி செய்யும்போது ஒன்று 450 போடும், பக்கத்து பாக்கெட் 500உம் 503உம் மட்டும் போடும். அந்தத் தேர்வு நோயாளியின் நாக்குக்கு எந்த இழப்பும் இல்லாமல் நடக்கக்கூடியது. பாக்கெட் எதுவும் கூடாது என்று ஒரேயடியாக மிரட்டுவதைவிட இது நடைமுறைக்கு ஒத்துவரும் என்று நினைக்கிறேன்.

இந்தச் சின்ன மாற்றத்துக்குப் பலன் உண்டா என்று நேராகவே சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கேத்தரின் சல்லிவன் குழுவினர் 279 டயாலிசிஸ் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பிரிவுக்குக் கடையிலும் ஃபாஸ்ட் ஃபுட் உணவகத்திலும் பாஸ்பேட் சேர்த்த பொருட்களை அடையாளம் கண்டு ஒதுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான், புது மாத்திரை எதுவும் இல்லை. மூன்று மாதத்தில் கற்றுக்கொண்ட பிரிவின் ரத்த பாஸ்பரஸ் மற்றவர்களைவிட 0.6 மில்லிகிராம் அதிகமாக இறங்கியது. 2009இல் வெளியான முடிவு இது. லேபிள் படிக்கச் சொல்லிக்கொடுத்ததற்கே இந்த இறக்கம் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

டயாலிசிஸ் செய்கிறவர்களின் வாரக் கணக்கைப் பார்த்தால் இது ஏன் முக்கியம் என்று புரியும். நான்கு மணி நேரம் ஓடும் ஒரு டயாலிசிஸ் சுமார் 800 முதல் 1000 மில்லிகிராம் பாஸ்பரஸை வெளியே எடுக்கும். யூரியா போல இது சரசரவென்று இறங்காது. ரத்தத்தில் இருப்பது முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடும். செல்களுக்குள்ளும் எலும்பிலும் இருப்பது மெதுவாகத்தான் கசிந்து வரும், ஊசி எடுத்த சில மணி நேரத்தில் எண் மீண்டும் ஏறும். நம் ஊரில் பலருக்கு வாரம் இரண்டு முறைதான் டயாலிசிஸ். அதாவது வாரத்துக்கு 1600 முதல் 2000 மில்லிகிராம் வெளியே போகிறது. தினமும் 1000 மில்லிகிராம் சாப்பிட்டு அதில் 60 சதவீதம் உறிஞ்சப்பட்டால் வாரத்தில் உள்ளே வருவது 4200. இந்த இடைவெளியைத்தான் மாத்திரையும் பத்தியமும் சேர்ந்து அடைக்க வேண்டும். இப்போது பாக்கெட் உணவின் வழியாகத் தினம் 200 மில்லிகிராம் சேர்க்கை பாஸ்பேட் கூடுதலாக வந்தால், அநேகமாக முழுதும் உறிஞ்சப்பட்டு வாரத்துக்கு 1200, 1400 என்று நிற்கும். ஒரு முறை நாற்காலியில் நான்கு மணி நேரம் கையை நீட்டி உட்கார்ந்து எடுத்ததை, அதற்கும் மேலேயே, அது திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

பருப்பையும் முட்டையையும் பறிப்பதில் உள்ள ஆபத்தும் இங்கேதான். டயாலிசிஸ் தொடங்கியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை என்று 2020இல் வந்த அமெரிக்க தேசிய சிறுநீரக அறக்கட்டளையின் ஊட்டச்சத்து வழிகாட்டுதல் சொல்கிறது. 60 கிலோ எடை உள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். இயற்கை உணவில் ஒரு கிராம் புரதத்தோடு பத்துப் பன்னிரண்டு மில்லிகிராம் பாஸ்பரஸாவது சேர்ந்து வரும். பருப்பில் பதினான்கு, பாலில் இருபத்தெட்டு. அப்படியென்றால் தேவையான புரதத்தைச் சாப்பிட்டாலே 700, 800 மில்லிகிராம் வந்துவிடுகிறது. நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்த உச்சவரம்பு 800 முதல் 1000. மிச்சம் இருக்கும் இடம் மிகச் சிறியது. அந்த இடத்தைப் புரதமே இல்லாத கோலாவுக்கும் கேக்குக்கும் கொடுத்துவிட்டுப் பருப்பை வெளியே தள்ளுவது எந்தக் கணக்கில் சரி? டயாலிசிஸ் இன்னும் தொடங்காதவர்களின் நிலை வேறு. அவர்களுக்குப் புரதத்தைக் கிலோவுக்கு 0.6, 0.8 என்று மருத்துவர் மட்டுப்படுத்தியிருப்பார். அதோடு பாஸ்பரஸும் தானாகக் குறையும். டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் பழைய தாளையே சுவரில் ஒட்டி வைத்திருப்பதுதான் பல வீடுகளில் நடக்கும் விபரீதம்.

புரதத்தை வெட்டிப் பாஸ்பரஸைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2008இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. கிறிஸ்டியன் ஷினபெர்கர், கம்யார் கலந்தர்-ஜாதே முதலியோர் 30,000க்கும் மேற்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளின் தரவைப் பார்த்தார்கள். பாஸ்பரஸ் குறைந்து, புரத உட்கொள்ளல் கூடியவர்களே அதிகம் பிழைத்திருந்தார்கள். பாஸ்பரஸும் குறைந்து புரதமும் குறைந்தவர்களின் நிலை அதைவிட மோசம். ரிப்போர்ட்டில் எண் இரண்டு பிரிவுக்கும் இறங்கித்தான் இருந்தது. எந்த வழியாக இறங்கியது என்பதில்தான் வேறுபாடு.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. முதலாவது, ஆதாரம் போதுமா என்பது. மோவின் ஆய்வில் 9 பேர், ஒவ்வொரு உணவும் ஒரே வாரம். ஷினபெர்கரின் ஆய்வு நோயாளிகளைக் கவனித்துப் பார்த்தது, அவர்களின் உணவை மாற்றிச் சோதித்தது அல்ல. நோய் முற்றிப் பசி போனவர்கள் குறைவாகச் சாப்பிட்டிருக்கலாம், அதுவே மரணத்துக்குக் காரணமாக இருந்திருக்கலாம். நியாயமான மறுப்பு. பாஸ்பரஸ் 6.5க்கு மேல் போனவர்களுக்கு மரண அபாயம் 27 சதவீதம் கூடுதல் என்று ஜெஃப்ரி பிளாக் 1998இல் காட்டியதும் இதே வகைக் கவனிப்பு ஆய்வுதான். பாஸ்பரஸை இறக்கினால் ஆயுள் நீளும் என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை எதுவும் இதுவரை உறுதியாக நிறுவவில்லை. ஆனால் இந்த மறுப்பு இரண்டு பக்கமும் வெட்டும். பருப்பை விலக்கச் சொல்லும் தாளுக்கு இதைவிட வலுவான ஆதாரம் எங்கே? ஆதாரம் இரண்டு பக்கமும் முழுமையில்லை என்றால், நோயாளியின் வாயிலிருந்து குறைவாகப் பறிக்கும் வழியைத்தான் முதலில் முயல வேண்டும். சேர்க்கைப் பாஸ்பேட்டை விட்டால் புரதம் போகாது, நார்ச்சத்து போகாது, சோடியம்கூடக் குறையும். மேலே சொன்ன 2020 வழிகாட்டுதலும், 2017இல் வந்த உலகளாவிய கே.டி.ஐ.ஜி.ஓ. பரிந்துரையும் பாஸ்பரஸ் எந்த மூலத்திலிருந்து வருகிறது என்பதைக் கணக்கில் எடுக்கச் சொல்கின்றன. நம் ஜெராக்ஸ் தாள்கள் இன்னும் அங்கே வந்து சேரவில்லை.

இரண்டாவது மறுப்பு பொட்டாசியம். பருப்பில் அதுவும் இருக்கிறதே, பாஸ்பரஸிலிருந்து தப்பி பொட்டாசியத்தில் மாட்டமாட்டோமா? ரத்தத்தில் பொட்டாசியம் கூடியவர்களுக்கு இது உண்மையான கவலை, இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடிய கவலை. அவர்கள் தங்கள் எண்ணைப் பார்க்காமல் என் பேச்சைக் கேட்டுச் சுண்டலில் இறங்கக் கூடாது. ஆனால் பொட்டாசியம் தண்ணீரில் கரையும். பருப்பை நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, அதைக் கொட்டி, மறுபடி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் கணிசமாக வெளியேறும். குக்கரில் அளந்த தண்ணீர் விட்டு வேகவைத்து அதையே சாம்பாராக்கினால் எல்லாம் உள்ளேயே நிற்கும். வேகவைத்து வடிக்கும்போது பாஸ்பரஸும் ஓரளவு போகும். புரதம் அவ்வளவாகப் போகாது. கறிக்கும் இதே விதி. எலும்பு சூப் 'உடம்புக்கு நல்லது' என்று ஊட்டுகிறவர்கள் இந்த வடித்த தண்ணீரைத்தான் ஊட்டுகிறார்கள் என்பதை யோசிக்க வேண்டும்.

இட்லி, தோசையைக் காட்டிச் சிலர் மடக்குவார்கள். மாவு புளிக்கும்போது நுண்ணுயிரிகள் ஃபைட்டேட்டை உடைக்கின்றன, முளைகட்டினாலும் உடைகிறது. அப்போது நீங்கள் சொன்ன 40 சதவீதம் எங்கே போகும் என்று. சரிதான், புளித்த மாவில் உறிஞ்சுதல் கூடும். இரும்புச் சத்துக்காக முளைகட்டச் சொல்வதே இந்தக் காரணத்தால்தான். ஆனால் எவ்வளவு கூடினாலும் இட்லியில் இருப்பது பெரும்பாலும் அரிசி, உளுந்து அதில் நாலில் ஒரு பங்குதான். நான்கு இட்லியின் பாஸ்பரஸ் ஒரு கட்டித் தயிர்க் கிண்ணத்துக்கு முன் பெரிதல்ல. பாஸ்பரஸ் அடங்காமல் நிற்கும் நோயாளி முளைகட்டிய பயறுக்குப் பதில் சாதாரணமாக ஊறவைத்து வேகவைத்த பயறைச் சாப்பிடலாம்; அவ்வளவு நுணுக்கம் போதும்.

இன்னொன்று, 'இது அமெரிக்கக் கதை, நாங்கள் வீட்டுச் சாப்பாடுதான் சாப்பிடுகிறோம்' என்பது. ஒஹாயோவில் அதிகம் விற்கும் மளிகைப் பொருட்களில் 44 சதவீதத்தில் பாஸ்பேட் சேர்க்கை இருந்ததாக 2013இல் கணக்கெடுத்தார்கள். அந்த எண்ணை கோவில்பட்டிக் கடைக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நோயாளியின் சாப்பாடு வேறு, வீட்டுச் சாப்பாடு வேறு. நம் ஊரில் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவர்கள் கையில் கொண்டுபோவது என்ன? பிரெட், பிஸ்கட், மால்ட் பானப் பாட்டில். வாய்க்கு ருசியில்லை என்று சொல்லும் நோயாளிக்குப் பேரப்பிள்ளைகள் வாங்கித் தருவது சீஸ் சாண்ட்விச்சும் நகெட்ஸும். பருப்பு கூடாது என்றதும் அந்த இடத்தை நிரப்ப வருவதும் இவைதான். தடை செய்யும் தாளே நோயாளியைப் பாக்கெட் பக்கம் தள்ளுகிறது. கோலாவைப் பற்றி ஒரு வார்த்தை: அதைப் பூதமாகக் காட்டுவது வழக்கம், ஆனால் 300 மில்லியில் இருப்பது சுமார் 50 மில்லிகிராம்தான், ஒரு டம்ளர் பாலைவிடக் குறைவு. அது மோசம்தான், புரதமே இல்லாத 50 மில்லிகிராம் என்பதால். ஆனால் கோலாவை நிறுத்திவிட்டோம் என்ற நிம்மதியில் மற்ற பாக்கெட்டுகளைத் திருப்பிப் பார்க்காமல் இருப்பது அதைவிட மோசம்.

கடைசி மறுப்பு, மாத்திரை இருக்கிறதே என்பது. இருக்கிறது: கால்சியம் அசிடேட், செவெலமர், லாந்தனம் என்று பல. இவை ரத்தத்துக்குள் போய் வேலை செய்வதில்லை. குடலில் சாப்பாட்டோடு கலந்து அங்கேயே பாஸ்பேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றுகின்றன. அதனால் வெறும் வயிற்றில் போட்டால் பலன் மிகக் குறைவு. சாப்பிட்டு முடித்துக் கைகழுவி, டிவி பார்த்துவிட்டுப் போட்டாலும் அப்படியே. சாப்பாட்டின் நடுவில் போட வேண்டும், லாந்தனம் என்றால் மென்று. மூன்று வேளையும் ஒரே அளவு என்பதும் அர்த்தமில்லை. மீன் குழம்பும் தயிரும் உள்ள மதியத்துக்குக் கூடுதலாக, இரவு இரண்டு இட்லிக்குக் குறைவாக என்று மருத்துவரிடம் கேட்டுப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு மாத்திரை பிடிப்பது சில பத்து மில்லிகிராம்தான். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிட்டுவிட்டு மாத்திரையால் ஈடுகட்ட முடியாது. ஆபத்தும் இல்லாமல் இல்லை. பிளாக் குழுவினரே 2012இல், டயாலிசிஸுக்குப் போகாத 148 பேருக்கு இந்த மாத்திரைகளையோ வெறும் மாத்திரையையோ கொடுத்து ஒப்பிட்டார்கள். பாஸ்பரஸ் கொஞ்சம் இறங்கியது. ஆனால் மாத்திரை எடுத்தவர்களின் இதயத் தமனிகளில் சுண்ணாம்புப் படிவு கூடியிருந்தது, குறிப்பாகக் கால்சியம் மாத்திரை எடுத்தவர்களுக்கு. மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. உணவில் குறைக்கக்கூடியதைக் குறைத்த பிறகு மிச்சத்துக்குத்தான் மாத்திரை என்பதற்கு இது போதுமான காரணம்.

மருந்து வழியாகவே பாஸ்பேட் வருவதும் உண்டு. மலச்சிக்கலுக்கும், கொலனோஸ்கோப்பிக்கு முன் குடலைச் சுத்தம் செய்யவும் தரப்படும் சோடியம் பாஸ்பேட் திரவங்கள் கிட்னி நோயாளிக்கு உண்மையிலேயே ஆபத்தானவை. நல்ல கிட்னியையே அவை பழுதாக்கிய சம்பவங்கள் பதிவாகியுள்ளன. எனிமா கொடுக்க வருகிறவரிடம் கிட்னி கோளாறு இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எண் இறங்கிவிட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. டயாலிசிஸ் நோயாளியின் பாஸ்பரஸ் 2.5, 3 என்று திடீரென்று விழுந்தால் பத்தியம் ஜெயித்துவிட்டது என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். பெரும்பாலும் அவர் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார் என்றுதான் அதற்குப் பொருள். அடுத்த ரிப்போர்ட்டில் பாஸ்பரஸோடு ரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதத்தையும் எடையையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றும் ஒன்றாக இறங்கினால் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மாத்திரையை இன்னும் இதே அளவில் தொடர வேண்டுமா, பருப்பையும் முட்டையையும் எவ்வளவு கூட்டலாம் என்பதுதான்.